போகிறேன் என்றவளை மூன்று முறை வரச் சொன்னேன்

போன வாரம் சாந்தி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு திண்டிவனம் கல்லூரி அலுவலகத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். பல வருடம் எனக்கு எதிர் மேசையில் இருந்தவள் என்பதால் நலமா, சாப்பிட்டீர்களா என்றெல்லாம் கேட்க மாட்டாள். நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"மேடம், பாண்டிச்சேரியில ஒரு மீட்டிங் போய்ட்டு வந்தேன். இனிமே ஒரு வருஷம் படிச்சிட்டு போறேன்னா சர்டிபிகேட் குடுத்து அனுப்பிடணுமாம். ரெண்டு வருஷம்னா டிப்ளமா. நடுவுல போனவங்க பின்னாடி திரும்பி வந்து விட்ட எடத்துல இருந்து படிக்கலாமாம். பாஸ் பண்ணதெல்லாம் கம்ப்யூட்டர்ல பேங்க் மாதிரி சேந்துக்கினே இருக்குமாம்."

"நம்ம காலேஜுக்கு வந்துடுச்சா?"

"வரும்ன்றாங்க, வராதுன்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க அட்மிஷன் செக்ஷன்லயே கிடந்தவங்க. நம்ம ஊழியர் மலருக்கு இத பத்தி எழுதிக் குடுங்களேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். அதுதான் நான் செய்த தவறு. எழுத உட்கார்ந்து நான்கு நாள் ஆகிறது. ஒரு பிள்ளை படிப்பை விட்டுப் போகிறேன் என்றால் போக விடுவது நல்லதா, பிடித்து வைப்பது நல்லதா என்று எனக்கே இன்றுவரை தெரியவில்லை. தெரியாததை எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். சாந்தி படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

தட்டச்சராகத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். விழுப்புரத்திலிருந்து காலை ரயிலில் போய், சாயங்காலம் கிடைத்த பஸ்ஸில் திரும்புவேன். முதல் ஆறேழு வருடம் அடித்ததெல்லாம் பெயர்ப் பட்டியல்தான். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, விரல் வலித்தது, அவ்வளவே. பிறகு சேர்க்கைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே எனக்கு மேலே இருந்தவர் கண்காணிப்பாளர் சுந்தரமூர்த்தி சார்.

வெயில் கொளுத்தினாலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்ற மாட்டார். பேசும்போது ஆளைப் பார்க்க மாட்டார், ஆள் கொண்டுவந்த தாளைப் பார்ப்பார். முடியாது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. "ஆவட்டும், பாக்கலாம்" என்பார். கேட்டவர்கள் வேலை முடிந்துவிட்டது என்று சந்தோஷமாகப் போவார்கள். வீட்டுக்குப் போன பிறகுதான் ஒன்றும் ஆகவில்லை என்பது அவர்களுக்குப் புரியும்.

டிசி விஷயத்தில் அவருக்கு ஒரு முறை இருந்தது. எங்கள் அலுவலகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு பிள்ளை ஒரு கல்லூரியை விட்டு இன்னொரு இடத்தில் சேர டிசி, அதாவது மாற்றுச் சான்றிதழ், வேண்டும். அது இல்லாமல் எங்கும் சேர்க்க மாட்டார்கள். அதைக் கொடுத்துவிட்டால் இங்கே பெயர் போய்விடும். சேர்க்கைப் பதிவேட்டில் கடைசிக் கட்டத்தில் டிசி எண்ணை எழுதி, பெயரின் மேல் சிவப்பு மையில் கோடு போடுவோம். அதன் பிறகு அந்தப் பிள்ளை மனம் மாறித் திரும்பி வந்தால் துறைத் தலைவர் கடிதம், முதல்வர் கடிதம், பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம், இடைவெளிக்கு மன்னிப்பு என்று ஒரு கோப்பு கிளம்பும். மன்னிப்பு என்றுதான் தாளில் இருக்கும். படிக்க வருகிறவர் என்ன குற்றம் செய்தார் என்று ஒருமுறை சாரைக் கேட்டேன்.

"வெளிய போனதுதாம்மா குத்தம்" என்றார்.

அதனால் யாரையும் லேசில் வெளியே விடக்கூடாது என்பது அவர் கொள்கை. படிப்பின் நடுவில் டிசி கேட்டு வருகிறவர்களை மூன்று முறை வர வைப்பார். முதல் முறை, "பெரியவங்கள கூட்டிக்கினு வா." இரண்டாம் முறை, பாக்கி எதுவும் இல்லை என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கும் படிவம். நூலகம், ஆய்வகம், துறை, விளையாட்டு, விடுதி. விடுதியின் பக்கமே போகாத பிள்ளையும் விடுதிக் காப்பாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கள் விளையாட்டு ஆசிரியர் எந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்பது அவருக்கே தெரியாது. மூன்றாம் முறை, "பிரின்சிபால் மீட்டிங்ல இருக்காரு." இந்த மூன்றுக்குள் பாதிப் பிள்ளைகள் அலுத்துப்போய், வெட்கப்பட்டு, கோபம் ஆறி வகுப்புக்குத் திரும்பிவிடும் என்பார் சார்.

அது பொய்யில்லை. ஓமந்தூர்ப் பையன் ஒருவன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, சென்னையில் செல்போன் கடையில் சேரப்போகிறேன், டிசி கொடுங்கள் என்று வந்து குதித்தான். மூன்றாவது தடவை அவனுடைய அப்பாவே வந்து கூட்டிக்கொண்டு போனார். பல வருடம் கழித்து கிராம நிர்வாக அலுவலராகி இனிப்புப் பெட்டியோடு அலுவலகத்துக்கு வந்தான். சார் அதிலிருந்து ஒரு மைசூர்பாகை எடுத்து என் கையில் வைத்து, "பாத்தியா?" என்றார். பார்த்தேன். நம்பினேன். அவர் ஓய்வு பெற்றுப் போனபோது அந்த நாற்காலியோடு மூன்று தடவை முறையையும் நான் எடுத்துக்கொண்டேன்.

இனி கௌசல்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செஞ்சி தாண்டி மேல்மலையனூர் போகும் வழியில் அவள் ஊர். அப்பா பெங்களூரில் கட்டட வேலை. அம்மா காட்டில் மல்லாட்டைச் செடி பிடுங்கவும் களை எடுக்கவும் போகிறவள். பெண் எங்களிடம் கணிதப் பிரிவில் முதல் வருடம் எல்லாத் தாளும் பாஸ். இரண்டாம் வருடம் தொடங்கிக் கொஞ்ச நாளில் ஒரு திங்கட்கிழமை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு அப்போது என்ன நடந்திருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. விழுப்புரத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் மேலே வந்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் டிசியோடு போனால் இடம் அவளுக்கு. போகாவிட்டால் அடுத்தவருக்கு. சின்ன வயதிலிருந்து அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. வேறு படிப்புக்குப் போகிறேன் என்று சொன்னால் காலேஜில் சர்டிபிகேட்டைத் தர மாட்டார்கள் என்று சீனியர் பெண்கள் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் எல்லாரும் எழுதுவதையே அவளும் எழுதினாள். குடும்பச் சூழ்நிலை.

"பெரியவங்கள கூட்டிக்கினு வா" என்றேன்.

புதன்கிழமை ஒரு ஆளோடு வந்தாள். முப்பது வயதிருக்கும். தங்க நிற வாட்ச், மீசை, வாசலில் பைக். "மாமா" என்றாள். அவ்வளவுதான், என் மண்டையில் மணி அடித்துவிட்டது. பத்தொன்பது வயதுப் பெண், குடும்பச் சூழ்நிலை, பைக்கில் மாமா. கல்யாணம்தான், வேறென்ன? இந்தப் பெண்ணைக் காப்பாற்றியே தீருவது என்று அந்த நிமிடம் முடிவு செய்தேன். அந்த மாமா அம்மாவின் கூடப் பிறந்த தம்பி என்பதும், இரண்டு பிள்ளைகளின் அப்பா என்பதும், நர்சிங் விண்ணப்பத்தைப் போட்டுக்கொடுத்ததே அவர்தான் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. கையெழுத்துப் படிவத்தைக் கொடுத்து, வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் அமாவாசை. மேல்மலையனூரில் ராத்திரி அம்மன் ஊஞ்சல் பார்த்துவிட்டுத் திரும்பும் கூட்டம் மறுநாள் மதியம்வரை ஓயாது, அந்தப் பக்கத்து பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. மாமா முதல் நாள் வேலையாக விழுப்புரம் போய்விட்டு அங்கிருந்து நேராகக் கல்லூரி வாசலுக்கு வருவதாக ஏற்பாடு. இவள் மூன்று பஸ்ஸை விட்டு, நாலாவதில் தொற்றி, செஞ்சியில் மாறி, திண்டிவனம் வந்து, விளையாட்டு ஆசிரியரைத் தேடிப் பிடித்துக் கடைசிக் கையெழுத்து வாங்கி என் முன்னால் நின்றபோது மணி மூன்றரை. முகமெல்லாம் வியர்வை. ஐந்து கையெழுத்தும் சரியாக இருந்தன.

அவளுடைய டிசியைக் காலையிலேயே எழுதி வைத்திருந்தேன். முதல்வர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. முதல்வர் அடுத்த அறையில்தான் இருந்தார், இருமிக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது.

"பிரின்சிபால் மீட்டிங்ல இருக்காரும்மா. திங்கக்கெழம வா" என்றேன்.

"மேடம், இன்னிக்கே வேணும் மேடம்."

"என்ன அவசரம்? திங்கக்கெழமன்னா ஓடியா பூடும்?"

"இன்னிக்கே குடுத்துடுங்க மேடம். ப்ளீஸ் மேடம்."

"அதான் சொல்றேன் இல்ல."

முதல்வர் அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்றாள். நாலேகால் வரைக்கும் நின்றது ஜன்னல் வழியே எனக்குத் தெரிந்தது. நான் அந்த டிசியை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். மனதறிந்து சொன்ன பொய்தான். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை சாந்தி வந்து, "மேடம், அந்த மேத்ஸ் பொண்ணு கிளாஸ்ல உக்காந்துக்கினு இருக்கு" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா?" என்று சாரைப் போலவே அவளைக் கேட்டேன். கேண்டீனிலிருந்து எல்லாருக்கும் போண்டா வரவழைத்தேன்.

போண்டா வந்து கொஞ்ச நேரத்தில் மாமா வந்தார்.

"இன்னா மேடம் நீங்க? ஒரு பேப்பர குடுக்க இன்னா பேஜாரு! கெடச்ச சீட்ட கெடுத்துட்டீங்களே!"

"என்ன சீட்டு?"

"நர்சிங்கு மேடம்! வெள்ளிக்கெழம அஞ்சு மணி லாஸ்ட்டு. நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணிக்கினு கேட்டாண்ட நிக்கிறேன், இது அழுதுக்கினே வெளிய வருது. எங்க அக்கா சாப்பிடவே இல்ல, ரெண்டு நாளா."

கையில் இருந்ததைக் கீழே வைத்தேன். முதல்வரிடம் ஓடினேன். இரண்டு நிமிடத்தில் கையெழுத்து ஆனது. பதிவேட்டில் எண்ணை எழுதி, சிவப்புக் கோடு போட்டு, கௌசல்யாவை வகுப்பிலிருந்து அழைத்து, அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு அவளோடு விழுப்புரம் பஸ் ஏறினேன். மாமா பைக்கில் முன்னால் போனார்.  ஒரு வேலை நாள்தான் தாமதம், எழுதிக் கேட்டால் தருவார்கள், நானும் அலுவலகத்துக்காரி, பேசிக்கொள்ளலாம் என்று நான்தான் வழி நெடுகப் பேசிக்கொண்டு போனேன்.

நர்சிங் கல்லூரி அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"வெள்ளிக்கெழம அஞ்சு மணி வரைக்கும் பாத்தோம் மேடம். அப்புறம் அடுத்த பேருக்கு போன் பண்ணிட்டோம். காலையில வந்து சேந்துட்டாங்க."

"தப்பு எங்க மேல. எங்க பிரின்சிபால் லெட்டர் குடுப்பாரு."

"சேந்த பொண்ண எழுந்து போன்னு சொல்ல முடியுமா? நீங்களும் ஆபீஸ்ல இருக்கறவங்க. உங்களுக்கே தெரியும்."

எனக்கே தெரியும். அதனால்தான் மேலே பேச முடியவில்லை. வராந்தாவில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் சீருடைக்கு அளவு கொடுக்க வரிசையில் நின்றார்கள். கௌசல்யா அவர்களைப் பார்த்தபடி நின்றாள். நான்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

பஸ் நிலையத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. "ஏம்மா, நர்சிங்குக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? காரணம் கேட்டேனே" என்றேன். என் தப்பில் பாதியை அவள் தலையில் வைக்கப் பார்த்திருக்கிறேன் என்பது இப்போது எழுதும்போது தெரிகிறது.

"நீங்க எழுதச் சொன்னீங்க மேடம். கேக்கல."

அதன் பிறகு செய்ய முடிந்ததைச் செய்தேன். டிசியிலும் அதன் அடிக்கட்டையிலும் குறுக்கே கோடு போட்டு ரத்து என்று எழுதி, முதல்வரிடம் ஒப்புக்கொண்டு, அவள் பெயரை மறுபடியும் பதிவேட்டில் ஏற்றினேன். அடுத்த ஜூனில் அவள் நர்சிங்குக்கு மறுபடி விண்ணப்பிக்க அசல் சான்றிதழ்கள் கேட்டபோது ஒரு மணி நேரத்திலேயே எடுத்துக் கொடுத்தேன். அந்த வருடம் பட்டியல் அவள் பெயர்வரை எட்டவே இல்லை. கணிதத்தையே முடித்தாள். நல்ல மார்க்.

சுந்தரமூர்த்தி சார் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கம்போல என் முகத்தைப் பார்க்காமல், "டிகிரி கையில இருக்குல்ல, ஆவட்டும் விடும்மா" என்றார். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் மாதா கோவிலுக்குப் போய், பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொன்னேன். நல்லெண்ணத்தில் செய்தது பாவமில்லை என்றார் ஃபாதர். அதைக் கேட்டு நிம்மதி வருவதற்குப் பதில் குழப்பம் கூடியது. பாவம் என்று சொல்லி ஒரு தண்டனை கொடுத்திருந்தால் முடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

மூன்று தடவை முறையை விட்டேன். டிசி கேட்டு யார் வந்தாலும் நாற்காலியில் உட்கார வைத்து, எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று வாயாலேயே கேட்டு, அன்றைக்கே கொடுத்து அனுப்பினேன். பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வருடமே ஒரு பெண் அப்பாவோடு வந்தாள். ஆசிரியர் பயிற்சியில் சேரப்போகிறேன் என்றாள். அரை மணியில் டிசி கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அவள் வகுப்புப் பெண்கள் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினார்கள். அப்பா பக்கத்தில் நிற்கும்போது அவள் வேறு என்ன சொல்லியிருப்பாள்? இவளையல்லவா நான் மூன்று தடவை வரவைத்திருக்க வேண்டும்!

சாந்தி சொல்லும் புது முறையை இதோடு வைத்துப் பார்க்கிறேன். அது அன்றைக்கே இருந்திருந்தால் கௌசல்யா ஒரு வருடத்துக்கான சான்றிதழையும் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமையே போயிருப்பாள். ஓமந்தூர்ப் பையனும் போயிருப்பான், செல்போன் கடைக்கு. திரும்பி வரக் கதவு திறந்துதான் இருக்கும் என்கிறார்கள். கல்யாணமான அந்தப் பெண் கையில் குழந்தையோடு திரும்பி வருவாளா? வரட்டும், வந்தால் மன்னிப்புக் கேட்கச் சொல்லாமல் சேர்த்துக்கொள்வார்கள், அது நல்லதுதான். ஆனால் கையில் ஒரு சான்றிதழ் வந்துவிட்டதே, இது போதாதா, மேலே எதற்குப் படிப்பு என்று கேட்கும் அப்பாவுக்கு யார் பதில் சொல்வது? ஒரு நாள் இது சரி என்று தோன்றுகிறது, மறுநாள் அது சரி என்று தோன்றுகிறது. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, சாந்தி.

ஒன்று மட்டும் மீதி இருக்கிறது. போன மாதம் தலைசுற்றல் என்று திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டோக்கன் கொடுக்கும் இடத்தில் கௌசல்யா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கல்யாணம் ஆகவில்லை, இரண்டு வருடமாக இங்கேதான் வேலை, அம்மா நன்றாக இருக்கிறாள் என்றாள். என் பெயரையும் வயதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டே கேட்டாள்.

"மேடம், இப்பல்லாம் படிச்ச படிப்ப கணக்குல வச்சிக்கினு வேற எடத்துல சேத்துக்கறாங்களாமே. நான் முடிச்ச மேத்ஸ வச்சி நர்சிங்ல சேர முடியுமா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றுதான் முதலில் வாய்க்கு வந்தது. விழுங்கினேன். எனக்குத் தெரிந்த அளவில் நர்சிங்குக்கு விதிகள் தனி, கணிதத்தில் எடுத்தது அங்கே செல்லாது.

"முடியாதும்மா" என்றேன். "அதுக்கு இது ஆவாது. சேரணும்னா முதல்லேருந்துதான் சேரணும்."

அவள் டோக்கனைக் கிழித்து என் கையில் கொடுத்தாள்.

"தெரியும் மேடம். விசாரிச்சிட்டேன். நீங்க இன்னா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

நான் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். என் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்த நர்ஸுக்கும் கௌசல்யா வயதுதான் இருக்கும். மூச்சை நன்றாக விடச் சொன்னாள். அவள் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.